எதிராளி பேசாத நாவல்

மனிதர்கள் எழுத்துலகத்துக்கு வந்து சேரும் வழிகள் பல. சிலரைக் காதல் தோல்வி தள்ளிவிடுகிறது. சிலரை வேலையின்மை. நம்முடைய பல் டாக்டரைத் தள்ளிவிட்டது அவர் பெற்ற மகள். தள்ளிவிட்ட கையோடு கதவையும் சாத்திக்கொண்டாள். இந்த வரலாற்றை முறைப்படி ஆரம்பத்திலிருந்து சொல்வதுதான் இலக்கியத்துக்குச் செய்யும் மரியாதை.

கிளினிக் போர்டு மாட்டிய காலத்தில் டாக்டர் அதிகம் பேசாதவர் என்றே பெயரெடுத்திருந்தார். கை சுத்தம். ஊசி போட்டால் போட்டதே தெரியாது. ஆனால் ஊசியைப் பார்த்த மாத்திரத்தில் எழுந்து ஓடப் பார்த்த ஒரு லாரி டிரைவரை நாற்காலியில் பிடித்துவைக்க ஏதாவது சொல்லியாக வேண்டியிருந்தது. "ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் இருந்தாரு..." என்று வாய்க்கு வந்ததை ஆரம்பித்தார். ஸ்டேஷன் மாஸ்டர் பிளாட்பாரத்தின் கோடி வரை நடந்து போவதற்குள் கடைவாய்ப்பல் இடுக்கியோடு வந்துவிட்டது. டிரைவர் பஞ்சைக் கடித்துக்கொண்டு, அப்புறம் என்ன ஆச்சு என்பதுபோல ஒரு பக்கத்துப் புருவத்தை மட்டும் உயர்த்தினார். அந்த ஒற்றைப் புருவம்தான் உலகத்துக்கு ஒரு எழுத்தாளரைப் பிடித்துக் கொடுத்தது.

அதற்குப் பிறகு டாக்டர் ஓயவில்லை. வைத்தியமாகத் தொடங்கிய பேச்சு வியாதியாக முற்றியது. ரூட் கெனால் ஒரே நாளில் முடிகிற சமாச்சாரம் அல்ல. நோயாளி மறுபடி மறுபடி வரவேண்டும். டாக்டரும் ஒவ்வொரு தடவையும் கதையைச் சரியான இடத்தில் நிறுத்தக் கற்றுக்கொண்டார். ஸ்டேஷன் மாஸ்டர் கொடியை உயர்த்தியதும் பல்லுக்குத் தற்காலிக அடைப்பு வைத்து அனுப்பிவிடுவார். மற்ற டாக்டர்களிடம் வலி நின்றதும் பாதியில் காணாமல் போகிறவர்கள், இவரிடம் வலியே இல்லாமலும் வந்து நின்றார்கள்.

அப்படியொரு சபை எந்தக் கதைசொல்லிக்கும் வாய்க்காது. படுத்தே இருக்கும். எழுந்து போகாது. வாயில் சின்னக் கண்ணாடி, இரண்டு பக்கமும் பஞ்சு, எச்சில் உறிஞ்சும் குழாய்; ஆகவே குறுக்கே பேசவும் பேசாது. "என்ன, புரியுதா?" என்று டாக்டர் கேட்பார். பதிலுக்குக் காத்திருக்கும் பழக்கமில்லை. "புரியும், புரியும்" என்று அவரே சொல்லிக்கொண்டு மேலே போவார்.

இப்படியே முப்பது வருஷம் ஓடியது. மகளும் பல் டாக்டருக்குப் படித்து முடித்துவிட்டு வந்தாள். டாக்டர் கிளினிக்கை அவள் கையில் ஒப்படைத்தார். சாவியைத்தான் ஒப்படைத்தார், வாயை அல்ல. தினமும் காலையில் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்று உள்ளே நுழைந்து, முகமூடியையும் கட்டிக்கொண்டு, மகளின் நோயாளியின் தலைமாட்டில் நின்று ஸ்டேஷன் மாஸ்டரை அழைத்துவருவார்.

பல் செட்டுக்கு அச்சு எடுப்பது கொஞ்சம் நுணுக்கமான காரியம். மாவு மாதிரி ஒன்றைத் தட்டில் வைத்து வாய்க்குள் அழுத்திவிட்டால், அது இறுகும் வரை நோயாளி அசையவே கூடாது. அப்படி அசையாமல் இருந்த ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவரை, ஸ்டேஷன் மாஸ்டர் கூட்ஸ் வண்டிக்குப் போய் சல்யூட் அடித்த இடத்தில் டாக்டர் சிரிக்கவைத்துவிட்டார். அச்சு போயிற்று. மறுபடி எடுத்தார்கள். அந்த சல்யூட்டை நினைத்துத் தாசில்தார் மறுபடியும் சிரித்தார். அதுவும் போயிற்று.

மகள் கையுறையைக் கழற்றிவிட்டு அப்பாவை வராந்தாவுக்குக் கூட்டிப்போனாள்.

"அப்பா, நீங்க பேசாம ஒரு நாவல் எழுதுங்க."

"நாவலா?"

"ஆமா. இவ்வளவு நல்லா கதை சொல்றீங்க. எதுக்கு ஒரே ஒரு ஆளுக்குச் சொல்லணும்? புஸ்தகமா போட்டா ஊரே படிக்கும். நீங்க எழுத்தாளர், நான் டாக்டர். உங்க வேலை வீட்டுல, என் வேலை இங்க."

"புஸ்தகம் போட யாரும் ஒத்துக்கலன்னா?"

மகள் ஒரு பெருமூச்சு விட்டாள். "அப்ப தினமும் சாயங்காலம் இங்க வாங்க. என் தலையெழுத்து."

அவள் போகாத ஊருக்கு வழி சொன்னதாக நினைத்தாள். டாக்டரோ அன்று சாயங்காலத்துக்குள் தன் வீட்டுத் தெரு முழுக்கச் செய்தி பரப்பிவிட்டார். பால் பூத், மருந்துக் கடை, செருப்பு தைப்பவர், எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. "எழுதியாச்சா சார்?" என்று மறுநாளே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆனால் டாக்டரின் உள்ளுக்குள் இருந்த கவலை வேறு. அதை அவர் வெளியே யாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடம் மட்டும் ஒரே ஒரு தடவை சொன்னார். "இத்தனை வருஷம் எல்லாரும் என் கதையை ஆசையாத்தான் கேட்டாங்களா, இல்ல எந்திரிச்சு ஓட முடியாமக் கேட்டாங்களா?"

"மரப்பு ஊசி போட்டுட்டுல்ல சொல்லியிருக்கீங்க" என்றாள் மனைவி. "அவங்களுக்கே தெரிஞ்சிருக்காது."

அதை அவர் அறியத்தான் புத்தகம் வேண்டியிருந்தது. புத்தகத்தை யாரும் மூடிவைத்துவிட்டுப் போகலாம். மூடாமல் படித்தார்கள் என்றால் அவர் கதைசொல்லி. இல்லையென்றால் வெறும் மரப்பு ஊசி.

மகள் புது நாற்காலி வாங்கியதால் பழைய பல் நாற்காலி வீட்டு முன்னறைக்கு வந்து சேர்ந்திருந்தது. டாக்டர் அதன் பக்கத்தில் தன் உருளும் முக்காலியைப் போட்டு, ஆயுதத் தட்டின் மேல் காகிதத்தை வைத்து, வளைகிற விளக்கைத் தாழ்த்திவிட்டு எழுத உட்கார்ந்தார். முதல் இரண்டு நாள் ஒரு வரிகூட நகரவில்லை. மூன்றாம் நாள் முகமூடியைக் கட்டிக்கொண்டதும் மடை திறந்தது. காப்பி கொண்டுவந்த மனைவி, காலியான நாற்காலியைப் பார்த்து அவர் "புரியுதா? புரியும், புரியும்" என்று சொல்லிக்கொண்டிருப்பதைக் கேட்டுவிட்டுச் சத்தம் போடாமல் திரும்பிப் போனாள். கதை அதேதான்: ஒரு ஸ்டேஷன் மாஸ்டர், தினமும் வேண்டுமென்றே ரயிலைத் தவறவிடும் ஒரு பெண், அவர்களை வேவு பார்க்கும் ஒரு போலீஸ்காரர்.

எழுதி முடித்ததும் மனைவியின் அண்ணன் அவரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பதிப்பகத்துக்குப் போனார். மச்சான் தரை ஓடு வியாபாரி. படிப்பது ஓடு அடைத்த பெட்டி மேல் இருக்கிற எழுத்தை மட்டும். ஆனாலும் மாப்பிள்ளை எழுத்தாளர் ஆனால் தனக்கும் ஒரு கௌரவம் என்று நினைக்கிற நல்ல மனசுக்காரர்.

பதிப்பகம் ஒரு மாடி. பழைய பேப்பர் வாசனை. பதிப்பாளர் அம்மா இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன்னால் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். அந்தக் காலத்தில் நடுவழியில் சட்டென்று ஏறி, கண்ணில் பட்ட ஆளிடம் கையை நீட்டுவார். இப்போது கையெழுத்துப் பிரதியையும் அப்படித்தான் படித்தார். முதல் பக்கத்திலிருந்து தொடங்குகிற பேச்சே கிடையாது. நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தில் ஏறி, அகப்பட்ட பாத்திரத்தின் மேல் விரலை வைத்து, "இந்த ஆள் எங்க ஏறினான்? எங்க இறங்கறான்?" என்று கேட்பார். பதில் சொல்லத் தெரியாமல் வியர்த்து இறங்கிப்போன எழுத்தாளர்கள் அநேகம்.

வேறு வேலை பார்த்துவிட்டு எழுத வருகிறவர்களின் புத்தகங்களைத்தான் அவர் விரும்பிப் போட்டார். அவர்களால் பட்ட பாட்டையும் மறைக்கவில்லை.

"போன மாசம் ஒரு நீதிபதி வந்தாரு சார். கொலைக் கதை. கடைசி அத்தியாயத்துலயும் தீர்ப்பைத் தள்ளிவெச்சுட்டாரு. விமானம் ஓட்டினவர் ஒருத்தர், கதை தரையை விட்டுக் கெளம்பவே நூறு பக்கம் ஆக்கிட்டாரு. ஒரு இன்ஜினியரம்மா வீடு எப்படிக் கட்டினாங்கன்னு எழுதி, அதுல ஆளுங்களைக் குடிவைக்க மறந்துட்டாங்க. எல்லாத்தையும் சரி பண்ணிட்டோம். நீங்க என்ன பண்ணி வெச்சிருக்கீங்கன்னு பாப்போம்."

ஒரு பக்கத்தைத் திறந்தார். படித்தார். இன்னொரு பக்கம். மூன்றாவது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"இந்தப் பொண்ணுக்கு வாயில என்ன சார்?"

"ஒண்ணுமில்லீங்களே. அழகான பல்வரிசைன்னு எழுதியிருக்கேனே."

"பல்லு இருக்கு, பேச்சைக் காணோமே. ஸ்டேஷன் மாஸ்டர் மூணு பக்கம் பேசறாரு. இவ தலையாட்டறா. அடுத்து நாலு பக்கம் பேசறாரு. இவ கண்ணை அகலமாத் திறந்து பாக்கறா."

"கண்ணாலேயே பதில் சொல்றாங்க..."

"சரி, காதல், விட்டுடறேன். போலீஸ்காரரும் கண்ணாலேயேவா சொல்வாரு? அவரைத் திட்டறாரு ஸ்டேஷன் மாஸ்டர், அவரு நாற்காலிக் கையை இறுக்கிப் பிடிச்சுக்கறாரு. டீக்கடைக்காரர் பிடிச்சுக்கறாரு. அந்தப் பொண்ணோட அப்பாவும் பிடிச்சுக்கறாரு. பிளாட்பாரத்துல இவ்வளவு நாற்காலி எங்க சார் வந்துச்சு?"

டாக்டர் வாயைத் திறந்தார். பதிப்பாளர் அம்மா விரலை வேறு வரிக்கு நகர்த்தினார்.

"இதைக் கேளுங்க. 'அவள் ரயிலடியில் நின்று அழுதாள். கண்ணீர் அவளுடைய காதுகளுக்குள் வழிந்தது.' நின்னுக்கிட்டு அழறவளுக்குக் கண்ணீர் காதுக்கு எப்படி சார் போகும்?"

முப்பது வருஷமாக டாக்டர் பார்த்த கண்ணீர் அத்தனையும் காதுக்குத்தான் போயிருக்கிறது. கண்ணீருக்கு வேறு வழி உண்டு என்பது அவருக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. துணைக்கு வந்த மச்சான் தலையைப் பின்னால் சாய்த்து, விரலால் கண்ணிலிருந்து காதுக்கு ஒரு கோடு இழுத்துப் பார்த்துவிட்டு, "படுத்தா போகும் மாப்ள" என்றார்.

"கதை நல்லா இருக்கு" என்றார் பதிப்பாளர் அம்மா. டாக்டரின் முகம் மலர்வதற்குள், "ஆனா இதுல ஒரே ஒரு ஆள்தான் பிரயாணம் பண்றாரு. மத்தவங்க எல்லாம் காலி சீட்டு. அவங்களைப் பதில் பேச வைங்க, புஸ்தகம் போடறேன். பேசலன்னா என்னால ஆகாது" என்று கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்த டாக்டர் பதில் எழுத முனைந்தார். கதாநாயகி பேசினாள். ஒரு பக்கம் முழுக்கப் பேசினாள். அதை வாங்கிப் படித்த மகள், "இதுவும் நீங்கதான்பா. புடவை கட்டியிருக்கீங்க, அவ்வளவுதான்" என்றாள். போலீஸ்காரரைப் பேசவைத்தார். போலீஸ்காரர் ஈறுகளின் ஆரோக்கியம் பற்றி எடுத்துச் சொன்னார்.

டாக்டருக்கு ஒன்றும் ஓடவில்லை. எதிராளி என்ன சொல்வான்? யாருக்குத் தெரியும்? அவர் கேட்டதேயில்லையே. தோல்வியை ஒப்புக்கொள்ளும் முகத்தோடு அவர் கிளினிக்குக்குப் போகிற சாயங்காலச் சட்டைக்கு இஸ்திரி போடுவதை மகள் பார்த்தாள். அவளுக்கு உடனே ஒரு யோசனை பிறந்தது.

"அப்பா, கிளினிக்குக்கு வாங்க. ஆனா உள்ள வராதீங்க. வெளிய, காத்திருக்கற இடத்துல உக்காருங்க. வாய் திறக்கக் கூடாது. அங்கதான் எல்லாரும் பேசுவாங்க."

"என்னைப் பாத்தா பேசுவாங்களா?"

"உங்களை யாருக்குப்பா தெரியும்?"

அதில் நியாயம் இருந்தது. அத்தனை வருஷமும் அவர் முகமூடி கட்டிக்கொண்டுதான் நோயாளிகளுக்கு எதிரில் நின்றிருக்கிறார். ஊரில் ஆயிரம் பேர் வாயின் உட்புறம் அவருக்கு அத்துபடி. அவருடைய மூக்குக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அந்த ஆயிரம் பேரில் ஒருவருக்கும் தெரியாது.

தன் சொந்தக் கிளினிக்கின் காத்திருப்பு அறையில் டாக்டர் முதல் தடவையாக உட்கார்ந்தார். பெஞ்சு சொரசொரப்பாக இருந்தது. மின்விசிறி கிறீச்சிட்டது. இதையெல்லாம் யாரும் தன்னிடம் சொல்லவில்லையே என்று நினைத்துக்கொண்டார். ரிசப்ஷன் அக்கா நமுட்டுச் சிரிப்போடு அவரிடம் ஒரு டோக்கனை நீட்டி, "பல் வலியா சார்? உக்காருங்க, கூப்பிடுவாங்க" என்றாள்.

பக்கத்தில் ஒரு தையல்காரர், கன்னம் வீங்கிய ஒரு பெரியம்மா, எதிரே சீருடையில்லாத ஒரு போலீஸ்காரர். தையல்காரர்தான் ஆரம்பித்தார்.

"இப்ப அமைதியாயிடுச்சுல்ல? முன்னாடி இருந்தாரே அந்த ரேடியோ, அவரு இருந்தப்போ தெருக்கோடி வரைக்கும் கேக்கும்."

டாக்டர் நிமிர்ந்தார். ரேடியோவா?

"ஐயோ, ரேடியோ டாக்டரா?" என்றாள் பெரியம்மா, கன்னத்தைப் பிடித்துக்கொண்டே. "அவர்தான் பேசுவாரு, நாம பேச முடியாது. நிறுத்தவும் பொத்தான் கிடையாது."

"எனக்கு அந்த ஸ்டேஷன் மாஸ்டர் கதைதான்" என்றார் போலீஸ்காரர். "உங்களுக்கு?"

"எல்லாருக்கும் அதேதான்யா" என்றாள் பெரியம்மா. "நான் பாதியிலேயே பல் சரியாகி நின்னுட்டேன். அந்தப் பொண்ணு எதுக்குத் தினமும் ரயிலை விடறா? அதை அவரு சொல்லவே இல்ல. கேக்கலாம்னா வாயில குழாய்!"

"நான் கேட்டேன் எம் பொண்டாட்டிகிட்ட" என்றார் தையல்காரர். "அவளுக்கு மூணு பல்லு. மூணு பல்லுக்குண்டான கதையும் கேட்டிருக்கா. அவ சொல்றா, அந்தப் பொண்ணுக்கு ஸ்டேஷன் மாஸ்டர் மேல ஆசையே இல்லையாம். வீட்டுக்குப் போனா வேலை பிழிஞ்சு எடுப்பாங்க, ரயிலை விட்டா ஒரு மணி நேரம் சும்மா உக்காரலாம். அதுக்குத்தானாம்."

"அடப்பாவி!" என்றாள் பெரியம்மா. "ஆனா நியாயந்தான். நானும் அதுக்குத்தான் இங்க சீக்கிரமா வந்து உக்காந்திருக்கேன்."

"அந்தப் போலீஸ்காரனை ரொம்ப மோசமா சொல்லுவாரு" என்றார் போலீஸ்காரர் வருத்தத்தோடு. "திட்டினா முழிச்சுக்கிட்டு நிப்பானாம். எந்தப் போலீஸ்காரன்யா நிப்பான்? 'ஸ்டேஷன்னா உன் ஸ்டேஷன் மட்டுந்தானா, என் ஸ்டேஷனுக்கு வா பேசிக்கலாம்'னு சொல்லியிருக்க மாட்டான்?"

டாக்டரின் காது மடல்கள் சூடேறின. இத்தனை வருஷமும் அவர் உள்ளே ஒரு கதையைச் சொல்லிக்கொண்டிருக்க, வெளியே அதே கதை வேறு மாதிரி நடந்துகொண்டிருந்திருக்கிறது. அவர் பாதியில் விட்டதையெல்லாம் இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து அலசி ஆராய்ந்து, ஆளுக்கொரு முடிவு கட்டி, சண்டைகூடப் போட்டிருக்கிறார்கள். ஊசி போட்டு மரத்துப்போனவர்கள் செய்கிற காரியமா இது?

சந்தோஷத்தில் அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தச் சமயம் பார்த்துப் பெரியம்மா, "கடைசியில அந்த ஸ்டேஷன் மாஸ்டர் ரயில்ல விழுந்து செத்துடுவாராம்" என்றாள்.

"யார் சொன்னது?" டாக்டர் துள்ளி எழுந்துவிட்டார். "அவருக்கு வேற ஊருக்கு மாத்தல்தான் வருது! அப்ப அந்தப் பொண்ணு..."

முகம் தெரியாது; குரல் தெரியுமே. தையல்காரர் மெல்ல எழுந்து, டாக்டரின் மீசையையும் தாடையையும் ஜாக்கெட் அளவெடுப்பதுபோலப் பார்த்தார்.

"ரேடி... டாக்டர் சார்! நீங்களா? உங்களுக்கு மீசை இருக்கா?"

டாக்டர் அசடு வழியச் சிரித்தார். போலீஸ்காரர் தன் பேச்சையெல்லாம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்து வெளிறினார். பெரியம்மாதான் முதலில் சுதாரித்தாள்.

"நல்லதாப் போச்சு. இன்னைக்கு எங்க வாய் காலியா இருக்கு. நீங்க உக்காருங்க, நாங்க பேசறோம்."

பேசினார்கள். ஆண்டாண்டாகத் தேக்கிவைத்திருந்ததையெல்லாம் பேசினார்கள். அந்தப் பெண்ணின் அப்பா அப்படிச் சும்மா கேட்டுக்கொண்டு நின்றிருக்க மாட்டார் என்றார் தையல்காரர். டீக்கடைக்காரருக்கு ஒரு வார்த்தைகூடக் கொடுக்காதது அநியாயம் என்றாள் ரிசப்ஷன் அக்கா. தினமும் கதையைச் சுவருக்கு இந்தப்பக்கம் கேட்டவள் அவள்தான். போலீஸ்காரர் எழுந்து நின்று, தான் எப்படிப் பதில் சொல்லியிருப்பேன் என்று நடித்தே காட்டினார். அவர் காட்டிய மிடுக்கில் அறையே குலுங்கிச் சிரித்தது. உள்ளேயிருந்தும் ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. கதவைத் திறந்துகொண்டு மகள் வெளியே வந்தாள். கையில் பாழாய்ப்போன அச்சுத் தட்டு.

"தாசில்தார் சார் மறுபடியும் சிரிச்சுட்டாரு" என்றாள்.

டாக்டர் வீட்டுக்குப் போய் எழுதினார். இந்தத் தடவை முகமூடி கட்டவில்லை. போலீஸ்காரர் பேசினார். டீக்கடைக்காரர் பேசினார். அப்பா குரலை உயர்த்திப் பேசினார். எழுதிக்கொண்டே வந்தவர், மாற்றல் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷன் மாஸ்டர் அந்தப் பெண்ணிடம் "என்னோட வர்றியா?" என்று கேட்கும் இடத்தில் வந்து நின்றுவிட்டார். அதற்கு ஒரு பெண் என்ன சொல்வாள் என்று காத்திருப்பு அறையில் யாரும் சொல்லவில்லை.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் ஒரு காலத்தில் அவருடைய நோயாளி. கீழ்வரிசையில் ஒரு பல்லை அடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் டாக்டர் அவளிடம் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டார். அப்போது அவள் வாயில் என்னென்ன இருந்தன என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அடைப்பு இறுகுவதற்குள் டாக்டர் அவள் அப்பாவுக்கு ஃபோன் போட்டுப் பேசி முடித்துவிட்டார்.

டாக்டர் முக்காலியை உருட்டிக்கொண்டே அவள் பக்கத்தில் போனார்.

"ஏம்மா, அன்னைக்கு நான் கேட்டேன்ல, நாற்காலியில... அதுக்கு நீ என்ன சொல்லியிருப்ப?"

மனைவியின் கையில் தலையணை உறை அப்படியே நின்றது. "இப்பத்தான் கேக்கத் தோணுச்சா?"

"கதைக்கு வேணும்."

"கதைக்குன்னா சொல்ல மாட்டேன். எனக்குன்னு கேளுங்க."

டாக்டர் யோசித்தார். "சரி. உனக்குத்தான் கேக்கறேன்."

"யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருப்பேன். யோசிச்சு, வந்து, சரின்னும் சொல்லியிருப்பேன். ஆனா கண்டிஷன் போட்டிருப்பேன்."

"என்ன கண்டி..."

"பாத்தீங்களா? இதான் மொத கண்டிஷன். நான் ஒண்ணு சொல்ல ஆரம்பிச்சா, அதை முடிக்கிற வரைக்கும் நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

டாக்டர் வாயை மூடினார்.

"சாப்பிடும்போது ஊரான் வாயில இருக்கற சீழைப் பத்திப் பேசக் கூடாது. எங்க அண்ணன் வந்தா அவன் பல்லைப் பாக்காம மூஞ்சியைப் பாத்துப் பேசணும். அப்புறம், என் பல்லை இனிமே வேற டாக்டர்தான் பாக்கணும்."

"வேற டாக்டரா! என் கை மாதிரி..." என்று ஆரம்பித்தவர் அவள் விரல் உயர்ந்ததைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

"கை சுத்தம்தாங்க. யார் இல்லைன்னா? ஆனா புருஷன்கிட்ட வாயைத் திறந்தா அது நான் பேசறதுக்காக இருக்கணும்" என்றாள் மனைவி. அப்புறம் அவள் நிறுத்தவில்லை. துணி மடித்து முடியும் வரை பேசினாள். மடித்ததையெல்லாம் அலமாரியில் அடுக்கிக்கொண்டும் பேசினாள். அவளுடைய அம்மா வீட்டு மாடி, அன்றைக்கு அவள் போட்டிருந்த கம்மல், கல்யாணத்தன்று அவள் சிரித்தது எதற்கு என்பது, எல்லாம். டாக்டருக்கு அதில் பாதி அன்றுதான் தெரிந்தது. அவள் கண் கலங்கியபோது கண்ணீர் நேராகக் கன்னத்தில் இறங்கி முகவாயில் நின்றதையும் அவர் கவனித்தார். "இதையெல்லாம் எழுதிக்கலாமா?" என்று கேட்டார். "ஒரு வார்த்தை மாத்தாம எழுதறதுன்னா எழுதிக்கோங்க" என்றாள்.

மச்சானின் ஸ்கூட்டர் மறுபடி பதிப்பக வாசலில் நின்றது. இந்தத் தடவை மச்சான் மேலே வரவில்லை. "நீங்க போய்ட்டு வாங்க மாப்ள, எனக்குப் படபடன்னு வருது" என்று கீழேயே நின்றுகொண்டார்.

பதிப்பாளர் அம்மா வழக்கம்போல நடுவில் ஒரு பக்கத்தில் ஏறினார். விரலை வைத்தார். எடுத்தார். ஒரு பக்கம் பின்னால் போனார். இன்னும் பின்னால். கடைசியில் கட்டை ஒழுங்கு பண்ணி முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்துவிட்டார். எழுத்தாளரை எதிரில் உட்காரவைத்துக்கொண்டு அவர் அப்படிச் செய்ததாக அந்த மாடியில் வேலை செய்கிற யாருக்கும் நினைவில்லை. போலீஸ்காரர் வாய் திறந்த இடத்தில் சிரித்தார். கண்டிஷன் வந்த இடத்தில் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்து, மேஜையைத் தட்டினார்.

"இந்தப் பொண்ணு யாரு சார்? போன தடவை இவ இந்தக் கதையிலேயே இல்லையே?"

"இருந்தாங்க. நாந்தான் கேக்கல" என்றார் டாக்டர்.

"போட்டுடலாம்" என்றார் பதிப்பாளர் அம்மா. "ஆனா ஒண்ணு. இவ இவ்வளவு நல்லாப் பேசறப்போ ஸ்டேஷன் மாஸ்டர் குறுக்க குறுக்க வந்து இடைஞ்சல் பண்றாரு. அவரு பேச்சுல பாதியை எடுத்தாகணும்."

டாக்டருக்குச் சுருக்கென்றது. அந்தப் பேச்சு அத்தனையும் அவர் தொண்டை வறளப் பேசிப் பேசி இழைத்தது. லாரி டிரைவரிலிருந்து தாசில்தார் வரை எத்தனை வாய்களுக்கு மேலே மெருகேறியது! வாதாட வாயெடுத்தார். என்னென்ன சொல்லலாம் என்று வரிசையாக நாக்கு நுனிக்கு வந்து நின்றது.

"எந்தப் பாதிங்க?" என்று கேட்டார்.

கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார். பதிப்பாளர் அம்மா பென்சிலை எடுத்துக்கொண்டு, எந்தப் பாதி, ஏன் என்று சொல்ல ஆரம்பித்தார். ஏன் என்று சொல்ல வந்ததில், ஒரு காலத்தில் ஓடுகிற பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல் அகப்பட்ட ஒரு மகா பேச்சுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த ஆள் பேசிப் பேசியே மூன்று நிறுத்தம் தாண்டிவிட்டாராம். "அப்புறம்?" என்றார் டாக்டர். அம்மா பென்சிலைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

கீழே மச்சானுக்குப் பொறுக்கவில்லை. ஃபோன் போட்டார்.

"என்ன மாப்ள ஆச்சு? இவ்வளவு நேரம்? இன்னும் பேசிக்கிட்டா இருக்கீங்க?"

"நான் இல்ல மச்சான்" என்றார் டாக்டர் தணிந்த குரலில். "அவங்க பேசறாங்க. நான் கேட்டுக்கிட்டிருக்கேன். வையுங்க, நல்ல கட்டம்."

மச்சான் ஃபோனை ஒரு தடவை உற்றுப் பார்த்தார். மாப்பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அடித்துப் பிடித்து, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் மாடிப்படி ஏறினார்.